லொஜிஸ்டிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் பல்க் சரக்கையும் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு திருகோணமலையில் பல வீடுகளில் எழும் கேள்வி: "லொஜிஸ்டிக்ஸ் என்று ஒரு பட்டம் இருக்கிறதாமே, பிள்ளையை அதற்கு விடலாமா?" அது லொறி விடும் தொழிலா, கப்பலில் போகும் வேலையா என்ற குழப்பமும் கூடவே வரும். இரண்டும் இல்லை. கப்பல் செலுத்தப் படிப்பவருக்குக் கடலோடிப் பயிற்சியும் கடற்சேவைக் காலமும் தனியாக உண்டு. சர்வதேச லொஜிஸ்டிக்ஸ் படிப்பவர் கரையில் இருப்பவர். ஒரு சரக்கு எந்த வழியால், எவருடைய பொறுப்பில், எந்தக் கடதாசியோடு, என்ன செலவில் நாடு விட்டு நாடு போய்ச் சேரும் என்று திட்டமிட்டு நடத்துவது அவர் வேலை. களஞ்சியத்திலும் இறங்குதுறையிலும் கால் கடுக்க நிற்கும் நாட்கள் உண்டு. ஆனாலும் வேலையின் பெரும்பகுதி ஆவணமும் கணக்கும்தான். இதைத் தெரிந்துகொண்டு போகும் பிள்ளைக்கு நல்ல படிப்பு இது. தெரியாமல் போகிற பிள்ளை இரண்டாம் வருடத்திலேயே சலித்துப்போகும்.

துறைமுகத்தோடும் சுங்க ஆவணங்களோடும் நாளாந்தம் புழங்குபவர்களாக, இந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது, எதைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும், நம்முடைய துறைமுகத்துக்கு வேண்டிய பல்க் சரக்கு, அதாவது பொதியிடாமல் மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்கு, அதில் எவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று எழுத விரும்புகிறோம்.

முதலில் சுங்க வகைப்படுத்தல். உலக வர்த்தகத்தில் எந்தப் பொருளுக்கும் ஓர் எச்.எஸ். இலக்கம், அதாவது பொருளை இனங்காட்டும் சுங்கக் குறியீட்டெண், உண்டு. முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. இலங்கை மேலும் 2 சேர்த்து 8 ஆக்குகிறது. நமது களப்பு இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த பச்சை இறால் 0306 என்ற தலைப்பில் வரும். ஓட்டோடு வெந்நீரில் அவித்து உறைய வைத்தாலும் 0306தான். ஓட்டை உரித்து, அவிக்காமல் உறைய வைத்தாலும் அதே 0306. உரித்ததை அவித்துவிட்டால் மட்டும் அது 16ஆம் அத்தியாயத்துக்குத் தாவி 1605 ஆகிவிடும். தலைப்பு மாறினால் வாங்கும் நாட்டில் தீர்வை மாறும், சலுகைத் தீர்வைக்கான தோற்ற விதியும் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் விதி) மாறும். "இறால் இறால்தானே" என்று ஒரே இலக்கத்தைப் போட்டு அனுப்பினால் சரக்கு அங்கே துறைமுகத்தில் நிற்கும். குளிர்க் கொள்கலனுக்கு மின்சாரக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

மீனைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016இல்தான் நீக்கியது. தடைக்குக் காரணம் மீனின் தரம் அல்ல. படகுகளைக் கண்காணிப்பதிலும் விதி மீறியவர்களைத் தண்டிப்பதிலும் இருந்த குறைபாடு. எந்தப் படகு, எந்தக் கடலில், எப்போது பிடித்தது என்பதை நிரூபிக்க முடியாவிட்டால் நல்ல மீனும் விலைபோகாது. வழங்கல் சங்கிலி முகாமைத்துவம் என்று பாடத்தில் வருவதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் நமது மீனவக் கிராமங்களுக்கு வேண்டியதில்லை.

அடுத்தது வங்கி ஆவணங்கள். நாணயக் கடிதம் என்பது, உரிய ஆவணங்களைக் கொடுத்தால் விற்றவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி. அதில் வங்கி பொருளைப் பார்ப்பதில்லை, கடதாசியை மட்டும் பார்க்கிறது. இதற்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கப்பலேற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கடிதம் காலாவதியாகும் நாள் அதற்கு முன் வந்தால் அதுவே கடைசி நாள். வங்கிக்குப் பரிசீலிக்க 5 வங்கி வேலை நாட்கள். பணம் நின்றுபோகும் பிழைகள் பெரும்பாலும் சின்னவை: விலைப்பட்டியலில் எழுதிய பொருள் விவரம் கடிதத்தில் உள்ளதோடு பொருந்தாமை, பொதி விவரப் பட்டியலில் ஓர் எடையும் பில் ஒஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றதற்குக் கப்பல் நிறுவனம் கொடுக்கும் ஆவணம்) வேறு எடையும் இருப்பது, காப்புறுதிப் பத்திரத்தின் திகதி கப்பலேற்றிய திகதிக்குப் பிந்தியிருப்பது. கடைசிப் பிழை அடிக்கடி வரும். சரக்கு போன பிறகுதான் காப்புறுதி ஞாபகம் வருகிறது.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் செலவையும் இடரையும் பிரிக்கும் சர்வதேச விதிகளான இன்கோடேர்ம்ஸ் 2020இல் 11 விற்பனை நியதிகள் உண்டு. மாணவர் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார். ஆனால் கொள்கலனில் போகும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றி ஒப்படைத்தல்) ஏன் பொருந்தாது என்று கேட்டால் திணறுவார். ஏற்றுமதியாளர் கொள்கலனைக் கொழும்பு முனையத்தில் ஒப்படைத்துவிட்டார், கப்பல் வர 3 நாள் இருக்கிறது என்று வைப்போம். அந்த 3 நாளுக்குள் சேதம் வந்தால் எஃப்.ஓ.பி.யில் இழப்பு விற்றவர் தலையில்தான், ஏனெனில் பொருள் கப்பலில் ஏறும் வரை இடர் அவருடையது. எஃப்.சி.ஏ. (கொண்டு செல்பவரிடம் ஒப்படைத்தல்) போட்டு முனையத்தை ஒப்படைக்கும் இடமாகக் குறித்திருந்தால் அங்கேயே இடர் கைமாறியிருக்கும். பழக்கத்தால் எஃப்.ஓ.பி. போட்டுவிட்டு நட்டப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை, கவனம்தான் வேண்டும். 20 அடிக் கொள்கலனின் உள்ளளவு சுமார் 33 கன மீற்றர் என்று புத்தகம் சொல்லும். பெட்டிகளாக அடுக்கும்போது 26 முதல் 28 வரைதான் கொள்ளும். 1200 க்கு 1000 மில்லிமீற்றர் பலகைத் தட்டு என்றால் தரையில் 10 வைக்கலாம். கதவில் எழுதியிருக்கும் உச்ச எடை பெரும்பாலும் 30,480 கிலோ. ஆனால் வீதியில் லொறியின் அச்சுச் சுமைக்கு உள்ள வரையறை அதற்கு முன்பே தடுத்துவிடும். 2016 ஜூலை 1 முதல், நிரப்பிய கொள்கலனின் சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது. விமானத்தில் வேறு கணக்கு: நிறுத்த எடை, கன அளவிலிருந்து கணிக்கும் எடை இரண்டில் கூடியதற்கே கட்டணம். 60, 40, 40 சென்ரிமீற்றர் றெஜிபோம் மீன் பெட்டியின் கன அளவு 96,000 கன சென்ரிமீற்றர். அதை 6,000ஆல் வகுத்தால் 16 கிலோ. பெட்டி பனிக்கட்டியோடு 20 கிலோ நிறுத்தால் 20க்குக் கட்டணம், 13 கிலோ நிறுத்தாலும் 16க்குக் கட்டணம். மீனை நன்றாக அடுக்காதவர் காற்றுக்குக் காசு கட்டுகிறார்.

இதுவரை சொன்னவை கொழும்பில் படித்தாலும் வரும். நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இனித்தான்.

பாடத்திட்டங்கள் பெரும்பாலும் கொள்கலனைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. கொழும்புத் துறைமுகத்துக்கு அது சரி. திருகோணமலை பல்க் சரக்குத் துறைமுகம். மாவாலைக்குக் கோதுமை, சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கர், புல்மோட்டை இல்மனைட், சீனக்குடாவில் எரிபொருள் எல்லாம் கப்பலின் வயிற்றில் கொட்டி வருபவை அல்லது கொட்டிப் போகிறவை. அங்கே பெட்டி இலக்கமும் இல்லை, முத்திரையும் இல்லை. எவ்வளவு வந்தது என்பதைக் கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்குத்தான் ட்ராஃப்ட் சேர்வே.

செய்முறை இது. முன்னணி, நடு, பின்னணி என மூன்று இடத்தில் இரண்டு பக்கமுமாக 6 இடங்களில் அமிழ்வளவை வாசிக்க வேண்டும். மீற்றர்க் குறியீட்டில் இலக்கத்தின் உயரம் 10 சென்ரிமீற்றர், இலக்கத்தின் அடிதான் அந்த அளவு. தண்ணீர் இலக்கத்தின் தலையைத் தொட்டால் 10 சென்ரிமீற்றர் கூட்ட வேண்டும். அலை இருந்தால் ஏற்ற இறக்கத்தைப் பல தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். இறங்குதுறையில் நின்றபடி வெளிப்பக்கத்தை ஊகிப்பது கூடாது. படகு எடுத்துச் சுற்றித்தான் பார்க்க வேண்டும்.

முன் 9.80 மீற்றர், பின் 10.20, நடு 10.04 என்று கிடைத்தால் முன்பின் சராசரி 10.00. ஆனால் கப்பல் நடுவில் தொய்ந்திருக்கிறது. அதனால் நடு அளவை 6ஆல் பெருக்கி, முன்னையும் பின்னையும் கூட்டி, 8ஆல் வகுக்க வேண்டும். விடை 10.03. வித்தியாசம் 3 சென்ரிமீற்றர்தான். ஆனால் ஐம்பதாயிரம் தொன் ஏற்றும் கப்பலை ஒரு சென்ரிமீற்றர் அமிழ்த்த சுமார் 55 தொன் வேண்டும். மூன்றுக்கு 165 தொன். ஐந்து லொறிக்கு மேற்பட்ட கோதுமை ஒரு கூட்டல் வகுத்தலில் காணாமல் போகும்.

அடுத்தது நீரின் அடர்த்தி. கப்பலின் அட்டவணை கடல்நீர் 1.025 என்று எடுத்து எழுதப்பட்டது. கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிறது. மார்கழி மழையில் நன்னீர் கலந்து அடர்த்தி 1.020க்கு இறங்கினால், 50,000 தொன் பெயர்ச்சியில் (சரக்கோடு கப்பலின் மொத்த எடை) 244 தொன் பிழை வரும். ஆகவே ஹைட்ரோமீற்றரால் அமிழ்வளவின் நடு ஆழத்தில் மாதிரி எடுத்து உடனே அளக்க வேண்டும். வாளியில் மேல்நீரை அள்ளி, வெயிலில் வைத்துவிட்டு அளந்தால் அந்த இலக்கத்தை நம்ப முடியாது. பிறகு பாரநீர் (கப்பலைச் சமநிலைப்படுத்தத் தாங்கிகளில் ஏற்றும் நீர்), எரிபொருள், நன்னீர், கப்பலின் நிலைமாறா எடை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். இறக்குவதற்கு முன் ஒரு தடவை, இறக்கி முடிந்த பின் ஒரு தடவை செய்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சரக்கு. எல்லாம் கவனமாகச் செய்தாலும் அரை சதவீதம் வரை விலகல் இருக்கும் என்பது தொழிலில் ஏற்றுக்கொண்ட விஷயம். அந்த அரைச் சதவீதத்துக்கு மேல் போனால்தான் தேட வேண்டும். தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பாரநீர்த் தாங்கிகளை. குறைந்ததாகச் சொல்லும் சரக்கு அங்கேதான் பெரும்பாலும் அகப்படும்.

எரிபொருளுக்கு அளவு முறை வேறு. தாங்கியில் அளந்த கன அளவை 15 பாகை வெப்பநிலைக்குத் திருத்த வேண்டும். டீசல் ஒரு பாகைக்கு சுமார் 0.08 சதவீதம் விரியும். நமது ஊர் வெப்பத்தில் 30 பாகையில் அளந்த 10,000 கன மீற்றரில் 120 கன மீற்றர் வெப்பத்தால் வந்த பருமன்தான். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் எதிர்காலம் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. அந்த வேலை விரிவடையும்போது இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆதங்கம்.

பல்க் கப்பலில் காசு கரையும் இன்னொரு இடம் லேடைம், அதாவது சரக்கு இறக்கக் கப்பலை வாடகைக்கு எடுத்தவருக்குக் கொடுத்திருக்கும் நேரம். 50,000 தொன், நாளுக்கு 5,000 தொன் என்று ஒப்பந்தம் இருந்தால் 10 நாள். நேரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பது கப்டன் கொடுக்கும் தயார்நிலை அறிவித்தலில் தங்கியிருக்கிறது. 'காலநிலை இடமளிக்கும் வேலைநாள்' என்ற நியதி இருந்தால் மழை நேரம் கழிக்கப்படும். அதைக் கழிக்க, துறைமுகத்தில் கப்பலுக்கு நடந்ததை நேரப்படி எழுதும் நிகழ்வு அறிக்கையில் மழை எழுதப்பட்டிருக்க வேண்டும். பிற்பகல் 2.10 முதல் 4.40 வரை மழை பெய்தது, கப்பலின் சரக்கறை மூடியிருந்தது என்று எழுதாமல் விட்டால் அந்த இரண்டரை மணித்தியாலமும் வேலை நேரமாகவே எண்ணப்படும். தாமதக் கட்டணம் நாளுக்கு 15,000 டொலர் என்றால், அது 1,562 டொலருக்கு மேல். ஒரு வரி எழுதாததற்கு இவ்வளவு. கொடுத்த நேரம் முடிந்து தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கிவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அதன் பிறகு பெய்யும் மழை கழிக்கப்படாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பலை எடுக்கும் வர்த்தகர் இதை ஒப்பந்தம் எழுதும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

சரக்கின் குணமும் படிக்க வேண்டியது. இல்மனைட் மணல் பாரம் கூடியது, இடம் குறைவாக எடுக்கும். சரக்கறையின் அடிப்பகுதி மட்டும் நிறைந்ததும் எடை முடிந்துவிடும். ஈரம் கூடிய நுண்கனிமச் சரக்குகள் கப்பல் ஆட்டத்தில் குழம்பாகி ஒரு பக்கம் சரியக்கூடும். 2011 ஜனவரி 1 முதல் கட்டாயமான, திண்மப் பல்க் சரக்குகளுக்கான சர்வதேச ஐ.எம்.எஸ்.பி.சி. விதிக்கோவை அவற்றை 'ஏ' பிரிவில் வைத்து, ஏற்றும் முன் ஈரப்பதச் சான்றிதழ் கேட்கிறது. ஆபத்தான சரக்கைப் பற்றி அலட்சியம் கூடாது என்பதற்கு, 2021இல் கொழும்புக்கு அப்பால் நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனோடு வந்து எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை இலங்கையில் யாரும் மறக்கவில்லை.

இனிப் பட்டத்தைத் தெரிவு செய்வது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் துறை இருக்கிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் லொஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவப் பட்டம் உண்டு. இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் போக்குவரத்து முகாமைத்துவமும் லொஜிஸ்டிக்ஸும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் பல. அனுமதிக்கு வேண்டிய பாடங்களை அந்த ஆண்டின் கையேட்டிலேயே பாருங்கள், பழைய கையேட்டை இரவல் வாங்கி முடிவெடுக்காதீர்கள்.

தனியாரிடம் போகிறவர் கேட்க வேண்டியது: இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இது எத்தனையாம் மட்டம்? பொதுப் பட்டம் 5, விசேட பட்டம் 6. உயர் டிப்ளோமா 4 மட்டும். "இரண்டு வருடத்தில் பட்டம்" என்ற விளம்பரத்தில் பெரும்பாலும் டிப்ளோமாவும் அதற்கு மேல் கடைசி வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கும். அந்தக் கடைசிப் பட்டத்தை வழங்குவது யார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு பாடப் பட்டியலைக் கையில் எடுத்து நான்கைத் தேடுங்கள்: புள்ளிவிவரவியல், கப்பல் வாடகை ஒப்பந்தம், சுங்க வகைப்படுத்தலும் பெறுமதியிடலும், குறைந்தது ஆறு மாதத் தொழிற்பயிற்சி. இந்த நான்கில் இரண்டு இல்லாவிட்டால் அது பொதுவான முகாமைத்துவப் பட்டம், பெயர்தான் லொஜிஸ்டிக்ஸ்.

பயிற்சிக்குப் போன இடத்தில் கோப்பு அடுக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும் விட்டால், பொறுப்பாசிரியருக்கு அறிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஒரு பிள்ளை தன் கையால் செய்திருக்க வேண்டியவை: பத்து கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்) வரைவுகள், ஐந்து பில் ஒஃப் லேடிங் வரைவுச் சரிபார்ப்பு, வாங்கும் விலையிலிருந்து களஞ்சிய வாசல் வரை முழுச் செலவுக் கணக்கு ஒன்று. துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் அனுபவமுள்ள வார்ஃப் கிளார்க் ஒருவருடன் இரண்டு வாரம் சுற்றினால் சுங்கச் சாளரங்களில் கோப்பு ஏன் திரும்புகிறது என்பது புத்தகத்தில் இல்லாத அளவுக்கு விளங்கும்.

உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் சும்மா இருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தில் வணிகக் கடிதம் எழுதவும் எக்செல்லும் பழகுங்கள். விரிவுரை ஆங்கிலத்தில்தான். எக்செல்லில் முதல் பயிற்சியாக இதைச் செய்யலாம். கொள்கலன் இலக்கத்தின் கடைசி எண் ஒரு சோதனை எண். ஆங்கில எழுத்துகளுக்கு 'ஏ' 10இல் தொடங்கி, 11, 22, 33 மூன்றையும் தவிர்த்து மதிப்புக் கொடுங்கள். முதல் இடத்தை 1ஆலும் அடுத்ததை 2, 4, 8 என்று இரட்டித்தும் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுங்கள், மிச்சம்தான் சோதனை எண். மிச்சம் 10 வந்தால் 0. சி.எஸ்.கியூ.யு. 305438 என்பதற்குக் கூட்டுத்தொகை 6185, மிச்சம் 3. ஆவணத்தில் ஓர் எண் மாறித் தட்டச்சானால் இந்தச் சூத்திரம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் அதன் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமும் இருக்கின்றன. துறைமுகம் அதிகத் தூரமில்லை. ட்ராஃப்ட் சேர்வேயும் லேடைம் கணக்கும் சேர்த்து 30 மணித்தியாலப் பாடம் ஒன்றை அங்கே தொடங்க முடியும். துறைமுக அதிகாரிகளும் சரக்கு இறக்கும் நிறுவனங்களும் மனம் வைத்தால், வருடத்துக்கு ஒரு கப்பலை, தயார்நிலை அறிவித்தல் முதல் கடைசி அமிழ்வளவு வாசிப்பு வரை, பதினைந்து மாணவர்கள் பின்தொடரலாம். துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்கு அமைய அடையாள அட்டைப் பிரதியோடு பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, தலைக்கவசமும் பாதுகாப்புச் சப்பாத்தும் ஒளிர்மேலங்கியும் ஏற்பாடு செய்தால் போதும். இந்தப் பாடத்துக்கு வேண்டிய படிவ மாதிரிகளையும் பயிற்சிக் கணக்குகளையும் தமிழ் விளக்கத்தோடு தயாரித்துக் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
துறைமுகச் சரக்கு மற்றும் சுங்க ஆவணப் பணிகளில் உள்ள சிலர்,
திருகோணமலை.